கொழுப்புக் குளிசையும் வெளிநாட்டுச் சத்துப் போத்தலும்

யாழ்ப்பாணத்தில் அறுபதைக் கடந்தவர்கள் வாழும் வீடுகளில் இரண்டு வகையான மருந்து இருக்கும். ஒன்று, கிளினிக்குக்குப் போய், காலையிலிருந்து வரிசையில் காத்திருந்து வாங்கிவந்த குளிசைகள். அவை சிறிய உறைகளில், மருந்தின் பெயரும் எந்த வேளைக்கு எத்தனை என்பதும் எழுதப்பட்டு வருபவை. மற்றையது, ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மெல்பேணிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த பெரிய போத்தல்கள்: மீனெண்ணெய், மஞ்சள் சாறு, உள்ளிக் கப்சூல், கோ-என்சைம் கியூ10, பல விற்றமின்கள் கலந்த குளிசை. முதலாவது என்னவென்று வைத்தியருக்குத் தெரியும்; இரண்டாவது என்னவென்று அனுப்பிய பிள்ளைக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் பெரும்பாலும் ஒருவருமில்லை. கொலஸ்திரோலுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இதனால் வரக்கூடிய தீங்கு தவிர்க்கக்கூடியது என்பதாலேயே இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் வைத்தியர் அல்ல. இரசாயனவியல் கற்பித்து இளைப்பாறியவள். கிளினிக்கில் தரும் அற்றோவஸ்ரற்றின் என்ற கொழுப்புக் குளிசையை நாள்தோறும் எடுப்பவள். என் அக்கா கனடாவில் இருக்கிறார். கொரியர் பெட்டி வரும்போதெல்லாம் அதற்குள் ஒரு போத்தலாவது இருக்கும், தொலைபேசியில் அவர் சொல்வதும் மாறாது: "இது மருந்தில்லை, வெறும் சத்துத்தான், பயப்பிடாமல் எடு." அந்த அன்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த ஊருக்கு, 2022இல் நாடெங்கும் மருந்து தட்டுப்பட்டபோது வெளிநாட்டு உறவுகளை நம்பியிருந்த ஊருக்கு, வெளியிலிருந்து வரும் மருந்துப் போத்தல் வெறும் பண்டம் அல்ல. ஆயினும் 'மருந்தில்லை, சத்துத்தான்' என்ற அந்தப் பிரிப்பு நம் உடலுக்குத் தெரியாது. ஈரலுக்கு வந்து சேர்வது எல்லாமே இரசாயனப் பொருள்தான். குளிசை எங்கிருந்து வந்தது, யார் அன்போடு அனுப்பினார் என்று பார்த்து அது வேறுவேறு வழிகளில் அனுப்பி வைப்பதில்லை.

முதலில் நாம் எடுக்கும் கொழுப்புக் குளிசை என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஸ்ரற்றின் குடும்பத்து மருந்துகள் ஈரல் தானாகவே கொலஸ்திரோலை உற்பத்தி செய்வதற்குத் தேவையான எச்.எம்.ஜி. கோ-ஏ றிடக்ரேஸ் என்ற நொதியத்தைத் தடுக்கின்றன. உற்பத்தி குறைந்ததும், ஈரற் கலங்கள் தமக்கு வேண்டிய கொலஸ்திரோலைக் குருதியிலிருந்து கூடுதலாக இழுத்துக்கொள்கின்றன. அதனால் தீய கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். குருதியில் இறங்குகிறது. இந்த வழியை முதலில் கண்டவர் அகிரா எண்டோ என்ற யப்பானிய விஞ்ஞானி. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் பெனிசிலியம் குடும்பத்துப் பூஞ்சையொன்றிலிருந்து இந்த நொதியத்தைத் தடுக்கும் பொருளை அவர் பிரித்தெடுத்தார். 1987இல் லொவஸ்ரற்றின் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இந்தக் குடும்பத்தில் சந்தைக்கு வந்த முதல் மருந்தாயிற்று. ஆக, 'இயற்கை', 'செயற்கை' என்று நாம் போடும் வேலி ஸ்ரற்றினின் பிறப்பிலேயே இல்லை.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம், 'கொழுப்பைக் குறைக்கும் இயற்கை மருந்து' என்று வெளிநாட்டுக் கடைகளில் விற்கப்படும் சிவப்பு ஈஸ்ற் அரிசிக் கப்சூல். மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்து இதைச் செய்கிறார்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் மொனாகொலின் கே என்ற பொருளும் லொவஸ்ரற்றின் என்ற மருந்தும் அணுவுக்கு அணு ஒன்றேதான். எனவே கிளினிக்கில் அற்றோவஸ்ரற்றின் பெற்று எடுக்கும் ஒருவர், பிள்ளை அனுப்பிய இந்தக் கப்சூலையும் சேர்த்து விழுங்கினால், வைத்தியருக்குத் தெரியாமலே இரண்டு ஸ்ரற்றின்களை எடுக்கிறார். தசை நோவு, தசைச் சிதைவு, ஈரல் பாதிப்பு ஆகிய பக்கவிளைவுகளின் அபாயம் அதற்கேற்பக் கூடுகிறது. அளவாவது தெரியுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் விற்ற 28 வகைகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டில் மொனாகொலின் கே காணப்படவே இல்லை. மற்றவற்றில் அதன் அளவு 60 மடங்குக்கு மேல் வேறுபட்டது. சரியாகப் பதப்படுத்தாதவற்றில் சிறுநீரகத்துக்குத் தீங்கான சிற்றினின் என்ற நஞ்சும் சேரக்கூடும். 2024இல் யப்பானில் இந்த வகைக் குளிசைகளை எடுத்த பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒருநாள் அளவில் மொனாகொலின்கள் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்கவேண்டும் என விதித்ததோடு, கொழுப்புக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இதை உட்கொள்ளக்கூடாது என்ற எச்சரிக்கையையும் போத்தலில் அச்சிட வைத்தது. ஸ்ரற்றின் எடுப்பவர் முற்றாக ஒதுக்கவேண்டிய சத்துக் குளிசை எது என்று என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். நாம் சோறாக்கும் சிவப்பரிசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிவப்பரிசிச் சோற்றுக்கு யாரும் அஞ்ச வேண்டாம்.

அடுத்தது, மருந்து உடலை விட்டு வெளியேறும் வழி. எல்லா ஸ்ரற்றினும் ஒரே வழியாகப் போவதில்லை. சிம்வஸ்ரற்றின், லொவஸ்ரற்றின், அற்றோவஸ்ரற்றின் ஆகிய மூன்றையும் சிதைப்பது குடற்சுவரிலும் ஈரலிலும் உள்ள சிப் 3ஏ4 என்ற நொதியம். றொசுவஸ்ரற்றினும் பிரவஸ்ரற்றினும் அந்த நொதியத்தைப் பெரிதாக நம்பியிருப்பதில்லை. இதனாலேயே, பக்கத்து வீட்டில் ஒருவருக்கு ஒத்துப்போன சத்துக் குளிசை உங்களுக்கும் ஒத்துப்போகும் என்று நினைக்க முடியாது. அவருடைய ஸ்ரற்றின் வேறு, உங்களுடையது வேறாக இருக்கலாம். நம் அரச வைத்தியசாலைகளில் மருந்தை வணிகப் பெயரால் அல்லாமல் அதன் பொதுப்பெயராலேயே எழுதும் வழக்கம் இருப்பது இந்த இடத்தில் பெரும் உதவி. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி வேரூன்றச் செய்த சிந்தனை அது. உறையில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தாலே உங்களுடையது எந்த ஸ்ரற்றின் என்று தெரிந்துவிடும்.

சிப் 3ஏ4ஐத் தடுப்பவற்றில் பெயர்பெற்றது கிறேப்புறூட் பழச்சாறு. அது குடற்சுவரிலுள்ள நொதியத்தையே செயலிழக்கச் செய்துவிடுவதால், புதிய நொதியம் உண்டாகும் வரை ஒரு நாளுக்கு மேலும் அதன் விளைவு நிற்கும். சாற்றைக் காலையிலும் குளிசையை இரவிலும் எடுத்துத் தப்பிவிட முடியாது. பெயரில் 'கிறேப்' இருந்தாலும், நம் தோட்டங்களில் காய்க்கும் முந்திரிகைக்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் ஜம்போலா என்று பலரும் சொல்லும் பம்பளிமாஸ் கிறேப்புறூட்டின் தாய்ப்பழங்களில் ஒன்று; அந்த நொதியத்தைத் தடுக்கும் அதே வகைப் பொருட்கள் அதிலும் உண்டு. சிம்வஸ்ரற்றினோ அற்றோவஸ்ரற்றினோ எடுப்பவர்கள் அதைக் கிரமமாகச் சாப்பிடுவதைத் தவிர்ப்பதே புத்தி. இதற்கு நேர்மாறானது செயின்ற் ஜோன்ஸ் வோட் என்ற மூலிகை. மனச்சோர்வுக்கென்று மேற்கு நாடுகளில் விற்பனையாகும் அந்தக் கப்சூல் நொதியத்தைப் பெருக்கி, ஸ்ரற்றினை வேகமாகச் சிதைத்துவிடும். குளிசையைத் தவறாமல் எடுத்தும் கொழுப்பு இறங்காமல் நிற்கும்.

இங்கே சத்துக் குளிசையோடு சேராத ஒன்றையும் குறிப்பிட்டுச் செல்கிறேன். பிறஷருக்கு அம்லோடிபின் எடுப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அம்லோடிபினோடு சிம்வஸ்ரற்றினை எடுப்பதானால் அது நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2011இல் அறிவித்தது. கிளரித்திரோமைசின், எரித்திரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சிம்வஸ்ரற்றினோடு சேர்த்து எடுக்கவே கூடாது. தொண்டை நோவுக்குத் தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போகும்போதும் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். மஞ்சள், உள்ளி, கறுவா மூன்றும் இல்லாத யாழ்ப்பாணத்து அடுப்படி கிடையாது. கறியில் போடும் அளவில் அவற்றால் ஸ்ரற்றினுக்கு இடைஞ்சல் வரும் என்று அஞ்ச ஒன்றுமில்லை. கப்சூலுக்குள் அடைத்த செறிவூட்டிய சாறு வேறு விடயம். மஞ்சளை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள குர்க்குமின் இயல்பில் குடலால் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. ஆகவே தயாரிப்பாளர்கள் மிளகிலிருந்து எடுத்த பிப்பரீனைச் சேர்த்து அதன் உறிஞ்சலைப் பல மடங்கு கூட்டுகிறார்கள். அப்படிக் கூட்டிய வகைகளால் ஈரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவுஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2023இல் இதுபற்றிப் பொது எச்சரிக்கையே விடுத்தது. ஸ்ரற்றின் எடுப்பவருக்கு இது இரட்டைச் சிக்கலாகிறது. ஈரல் நொதியங்கள் பரிசோதனையில் உயர்ந்து காணப்பட்டால் வைத்தியர் முதலில் சந்தேகிப்பது ஸ்ரற்றினைத்தான். மஞ்சள் கப்சூலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லையென்றால், மாரடைப்பிலிருந்து காக்கும் மருந்து நிறுத்தப்பட்டு, தீங்கு செய்த போத்தல் தொடர்ந்து அலுமாரியில் இருக்கும்.

கறுவாவிலும் இப்படியொரு நுட்பம் உண்டு. இலங்கையில் விளையும் உண்மையான கறுவாவில் கூமரின் என்ற பொருள் மிகச் சொற்பம். வெளிநாட்டுக் கடைகளில் கப்சூலாக வருவதில் பெரும்பகுதி சீனத்திலும் இந்தோனேசியாவிலும் விளையும் கசியா வகை. அதில் கூமரின் பன்மடங்கு அதிகம். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 0.1 மில்லிகிராம் வரையே பாதுகாப்பான அளவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் வகுத்திருக்கிறது. கூமரின் மிகுந்தால் சிலருக்கு ஈரல் தாக்கப்படும், ஸ்ரற்றினோடு சேரும்போது அந்தக் கவலை மேலும் கூடும். கறுவாவின் தாய்நாட்டில் இருந்துகொண்டு கசியாவைப் போத்தலில் வரவழைப்பது எவ்வகையிலும் தேவையற்றது. மெலிவதற்கென்று விற்கும் கார்சீனியா கப்சூலும் இந்த வரிசையில் வரும். தென்னிலங்கைச் சமையலில் மீனுக்குப் போடும் கொறக்காவின் இனத்திலிருந்துதான் அதையும் எடுக்கிறார்கள். கறியில் புளியாகச் சேரும்போது தீங்கில்லாத அந்தப் பழத்தின் செறிவூட்டிய சாறு கடுமையான ஈரல் பாதிப்புகளோடு தொடர்புபட்டிருக்கிறது. பச்சைத் தேயிலைச் சாறும் அவ்வாறே. தேநீராகக் குடிப்பதற்குத் தடையில்லை, கப்சூலில் ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமை எட்டும்போது ஈரல் நொதியங்கள் உயர்வது கண்டறியப்பட்டிருக்கிறது.

அபாயத்தை விட்டு, பயனையாவது பார்ப்போம். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் நாம் வீட்டில் கேட்கும் கேள்வியையே அது கேட்டது. ஒரு குழுவுக்கு றொசுவஸ்ரற்றின் 5 மில்லிகிராம், அதாவது குறைந்த அளவு. இன்னொரு குழுவுக்கு மருந்தற்ற போலிக் குளிசை. மற்றக் குழுக்களுக்கு மீனெண்ணெய், கறுவா, உள்ளி, மஞ்சள், தாவர ஸ்ரெரோல், சிவப்பு ஈஸ்ற் அரிசி. 28 நாட்களின் பின் றொசுவஸ்ரற்றின் குழுவில் எல்.டி.எல். ஏறத்தாழ 38 சதவீதம் இறங்கியிருந்தது. ஆறு சத்துப் பொருட்களில் ஒன்றாவது போலிக் குளிசையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. உள்ளிக் குழுவில் அது சற்று ஏறியும் இருந்தது. 28 நாள் குறுகிய காலம்தான், ஆயினும் ஸ்ரற்றின் தன் வேலையை அந்தக் காலத்துக்குள்ளேயே காட்டிவிடுகிறது. 'இந்தப் போத்தலை எடுத்தால் கிளினிக் குளிசையை விடலாம்' என்று சொல்பவர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

நம் சித்த மருத்துவத்தைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. கைதடியில் அதற்கென்று முறையான கல்வியும் வைத்தியசாலையும் இருக்கும் மண் இது. தகுதி பெற்ற சித்த வைத்தியரிடம் செல்வதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். என் கவலை யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் கடையிலோ இணையத்திலோ வாங்கும் சூரணங்களையும் கப்சூல்களையும் பற்றியது. கொரோனாக் காலத்தில் நோயெதிர்ப்புக்கென்று சீந்திலைத் தொடர்ந்து எடுத்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அமுக்கராச் சாற்றுக் கப்சூல் எடுத்தவர்களிலும் அத்தகைய பாதிப்புகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. எல்லாருக்கும் வருவதில்லை, அரிதாகவே வருகிறது. ஆனால் ஸ்ரற்றின் எடுப்பவருக்கு ஈரலைக் கவனித்து நடப்பது கட்டாயம். சித்த வைத்தியரிடம் ஸ்ரற்றினைப் பற்றியும் கிளினிக் வைத்தியரிடம் சூரணத்தைப் பற்றியும் சொல்லிவிட்டால் இரு தரப்பினரும் தம் வேலையைச் சரியாகச் செய்ய முடியும். கிளினிக்கில் சொன்னால் ஏசுவார்கள் என்ற பயத்தில் மறைப்பவர்களை நான் நன்கறிவேன். ஏச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆகவே சொல்லிவிடுங்கள்.

மீனெண்ணெய் எல்லாரும் அனுப்பும் போத்தல் என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். 1000 மில்லிகிராம் என்று அச்சிட்ட சாதாரணக் கப்சூலில் பயன்தரும் ஒமேகா-3 அமிலங்கள் பெரும்பாலும் 300 மில்லிகிராம் அளவே இருக்கும். 2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஸ்ரற்றின் எடுத்தும் ட்ரைகிளிசரைட்டு என்ற இன்னொரு வகைக் குருதிக் கொழுப்பு உயர்ந்திருந்தவர்களுக்கு ஐகோசபென்ற் எதைல் என்ற தூய்மையாக்கிய மருந்தை நாளுக்கு 4 கிராம் கொடுத்தபோது மாரடைப்பு போன்ற இருதய நிகழ்வுகள் 25 சதவீதம் குறைந்தன. வேறு ஒமேகா-3 தயாரிப்பை அதே அளவில் கொடுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் அந்தப் பயன் காணப்படவில்லை. இரண்டிலும் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் பிப்ரிலேசன் சற்றுக் கூடியது. கடையில் வாங்கும் கப்சூல் முதலாவது ஆய்வில் கொடுத்த மருந்து அல்ல. ஸ்ரற்றினோடு அது மோதுவதில்லை என்பது உண்மைதான், ஆனால் குருதி உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், குளோப்பிடோகிரெல், வார்பரின் எடுப்பவர்கள் கூடிய அளவில் எடுப்பதானால் குருதிக் கசிவைப் பற்றி வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். சூடையும் கீரியும் கரைக்கு வரும் ஊரில் இருப்பவர்களுக்கு என் சொந்த விருப்பம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்த மீனைப் பொரிக்காமல் குழம்பாக வைப்பதுதான். மீன் ஈரல் எண்ணெய் என்பது மீனெண்ணெயிலிருந்து வேறானது. அதில் விற்றமின் ஏயும் டியும் உண்டு, பல விற்றமின் குளிசையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சும்.

நியாசின் என்ற விற்றமின் பி3ஐப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு காலத்தில் வைத்தியர்களே கொழுப்புக்குக் கொடுத்தார்கள். 2014இல் வெளியான ஆய்வில் 25,673 பேருக்கு ஸ்ரற்றினோடு அதைச் சேர்த்துப் பார்த்தபோது மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. நீரிழிவும் தொற்றும் குருதிக் கசிவும் கூடின. பல விற்றமின் குளிசையில் இருக்கும் சில மில்லிகிராம் பரவாயில்லை. 500 மில்லிகிராம் போத்தல் வேண்டாம்.

கோ-என்சைம் கியூ10 அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியதல்ல. கொலஸ்திரோல் உண்டாகும் அதே பாதையில்தான் இந்தப் பொருளும் உடலில் உண்டாகிறது என்பதால், ஸ்ரற்றின் எடுக்கும்போது குருதியில் அதன் அளவு குறைவது உண்மை. அந்தக் குறைவுதான் தசை நோவுக்குக் காரணமா, கப்சூலால் அதை ஈடுசெய்தால் நோவு போகுமா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக முடிந்திருக்கின்றன. எடுப்பதால் ஸ்ரற்றினுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வார்பரின் எடுப்பவருக்கு அது வார்பரினின் பலனைக் குறைக்கலாம். வைத்தியரின் அறிவோடு எடுத்துப் பார்க்க விரும்புபவரை நான் தடுக்க மாட்டேன். விற்றமின் டியும் தசை நோவைத் தடுக்கும் என்று நம்பப்பட்டது. ஸ்ரற்றின் தொடங்கிய இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட ஆய்வில் அப்படியொரு பயன் தென்படவில்லை. எலும்புக்காக வைத்தியர் தந்தால் எடுக்க வேண்டியதுதான். ஆனால் கல்சியக் குளிசையிலும் பல விற்றமின் குளிசையிலும் தனிப் போத்தலிலும் உள்ள டியைக் கூட்டிப் பாருங்கள். வைத்தியர் சொல்லாமல் நாளுக்கு 4000 ஐ.யு.வைத் தாண்டக்கூடாது.

தசை நோவு என்ற பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ரற்றினால் வந்த பக்கவிளைவுகளால் மருந்தை விட்டுவிட்ட 60 பேரை வைத்து இலண்டனில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்கு சில மாதங்கள் ஸ்ரற்றினும், சில மாதங்கள் போலிக் குளிசையும், சில மாதங்கள் வெறுமையான போத்தலும் மாறிமாறிக் கொடுக்கப்பட்டன. ஸ்ரற்றின் எடுத்த மாதங்களில் உணர்ந்த உபாதையில் 90 சதவீதம் போலிக் குளிசை எடுத்த மாதங்களிலும் இருந்தது. அவர்களுடைய நோவு பொய் என்பது இதன் பொருளல்ல. நோவு உண்மையானது, ஆனால் வெறுமையான போத்தல் மாதங்களில் அது குறைவாகவே இருந்ததால், அதில் பெரும்பகுதிக்குக் காரணம் ஸ்ரற்றின் அல்ல, குளிசை எடுக்கிறோம் என்ற எதிர்பார்ப்பு. தைரொயிட் குறைவு, விற்றமின் டிக் குறைவு, வயது, மூட்டுத் தேய்வு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். எனவே நோவு வந்ததும் தாமாகவே ஸ்ரற்றினை நிறுத்தி, அதனிடத்தில் ஒரு சத்துப் போத்தலை வைப்பது இரண்டு வகையிலும் இழப்பு. வைத்தியரிடம் சொன்னால், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. என்ற குருதிப் பரிசோதனை செய்வார், அளவைக் குறைப்பார், அல்லது வேறு ஸ்ரற்றினுக்கு மாற்றுவார். ஆனால் உடல் முழுவதும் தசை கடுமையாக நொந்து, பலவீனம் கூடி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண்ணும் தோலும் மஞ்சளித்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாது.

பயனுள்ள ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. இசப்கோல் உமி போன்ற கரையும் நார்ப்பொருள் எல்.டி.எல்.ஐ ஓரளவு குறைக்கும். 10 மில்லிகிராம் சிம்வஸ்ரற்றினோடு நாளுக்கு 15 கிராம் இசப்கோல் எடுத்தவர்களுக்கு, 20 மில்லிகிராம் சிம்வஸ்ரற்றின் மட்டும் எடுத்தவர்களுக்கு ஒப்பான பலன் கிடைத்ததாக 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இங்கே கவனிக்க வேண்டியது நேரம். நார்ப்பொருள் குடலில் மற்ற மருந்துகளையும் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், குளிசைக்கும் அதற்கும் இடையில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் விட வேண்டும், தண்ணீரும் தாராளமாகக் குடிக்க வேண்டும். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அலுமினியமும் மக்னீசியமும் கலந்த மருந்து றொசுவஸ்ரற்றினின் உறிஞ்சலை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். றொசுவஸ்ரற்றின் எடுத்து இரண்டு மணித்தியாலம் கழித்தே அதைக் குடிக்கலாம். தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் எடுப்பவர்கள் கல்சியத்தையும் இரும்புக் குளிசையையும் நான்கு மணித்தியாலம் தள்ளி எடுக்க வேண்டும். தைரொயிட் சரியாகக் கட்டுப்படாதபோது கொலஸ்திரோலும் ஏறும், ஸ்ரற்றினால் தசை பாதிக்கப்படும் அபாயமும் கூடும் என்பதால் இதுவும் நம் விடயத்துக்கு வெளியே உள்ளதல்ல.

முடிக்கும் நகத்துக்கும் என்று வரும் போத்தல்களில் பயோற்றின் என்ற விற்றமின் மிக அதிகமாக இருக்கும். அது ஸ்ரற்றினோடு மோதுவதில்லை, பரிசோதனைக் கூடத்தோடு மோதுகிறது: தைரொயிட் பரிசோதனையைப் பிழையாகக் காட்டும், மாரடைப்பைக் கண்டறியும் றொப்போனின் அளவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். நெஞ்சு நோவோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஒருவருக்கு இதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

போத்தலில் உள்ள அச்சை எவ்வளவு நம்பலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அது வந்த நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உணவுக் குறைநிரப்பிகளைச் சந்தைப்படுத்த முன்கூட்டிய அனுமதி தேவையில்லை. கனடாவில் 2004இலிருந்து இயற்கைச் சுகாதாரப் பொருட்களுக்கு என்.பி.என். என்ற எட்டு இலக்கப் பதிவெண் வேண்டும். என் அக்காவிடம் நான் முதலில் கேட்பது அந்த எண் இருக்கிறதா என்பதைத்தான். அவுஸ்திரேலியாவில் எல் என்ற எழுத்தோடு வரும் எண் பட்டியலிடப்பட்ட பொருளையும் ஆர் என்ற எழுத்தோடு வரும் எண் மதிப்பிட்டுப் பதிந்த மருந்தையும் குறிக்கும். இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கு, மருந்துக்கும் உணவுக்கும் இடையில் நிற்கும் பொருட்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் உண்டு. ஆனால் பயணப் பெட்டிக்குள் ஒருவருடைய சொந்தப் பாவனைக்கென்று வரும் போத்தல் அந்தச் சபையின் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பதிவெண் இருந்தாலும் அது உங்கள் ஸ்ரற்றினோடு சேருமா என்று எந்த அச்சும் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவர் உங்கள் முழுப் பட்டியலையும் பார்க்கும் ஒரு மனிதர். வைத்தியரோ மருந்தாளரோ யாராக இருந்தாலும் அவருக்குத் தேவையானது கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நாம் எழுதிவைக்கும் ஒரு பக்கம். நான் அதில் சத்துக் குளிசையின் பெயர், ஒரு குளிசையில் உள்ள ஒவ்வொரு பொருளின் அளவு, எந்த வேளையில் எடுக்கிறேன், எப்போது தொடங்கினேன் என்பவற்றை எழுதுகிறேன். தொடங்கிய நாள் மிக முக்கியம். ஈரற் பரிசோதனை மாறியிருந்தால் எதற்குப் பிறகு மாறியது என்று கண்டுபிடிக்க அதுவே வழி. ஒரே நேரத்தில் இரண்டு புதியவற்றைத் தொடங்குவதில்லை. சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்தால் மீனெண்ணெய், உள்ளி, விற்றமின் ஈ ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லி, எப்போது நிறுத்துவதென்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுத வாசிக்கக் கண் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள இளையவர்கள் இந்தப் பக்கத்தை எழுதிக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போத்தலை வாங்குவதற்கு முன், கடையில் நின்றபடியே அதன் பின்பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்தப் படத்தோடு அம்மாவோ அப்பாவோ கிளினிக்குக்கோ தெருமுனைப் பார்மசிக்கோ போய்க் கேட்டு, 'வாங்கு' என்று சொன்ன பிறகு வாங்குங்கள். அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார். சென்ற முறை அவர் அனுப்பிய படத்தில் இருந்தது சிவப்பு ஈஸ்ற் அரிசியும் கோ-என்சைமும் கலந்த கப்சூல். அதை வாங்க வேண்டாமென்று சொன்னேன், அவரும் வாங்கவில்லை.